துரு

செவ்வாய்க்கிழமைதோறும் அளப்பது என் வேலை.
காலிப்பரின் இரண்டு தாடைகளுக்கு நடுவே
ஒரு சுண்டெலியின் விலாப்புறம்.
நான் சொல்வேன், நாகவேணி எழுதிக்கொள்வாள்.
ஹதினாலு: ஒம்பத்து பாயிண்ட் எரடு.
கன்னடத்தில் சொன்னாலும்
தலைக்குள் தமிழில்தான் பெருக்கிக்கொள்கிறேன்.

ஹெப்பாள மேம்பாலத்தில் வண்டிகள் முட்டி நிற்கும் இரைச்சல்
இரண்டு கதவு தாண்டி இங்கே வராது.
மரச்சீவலுக்குள் நகம் கீறும் சத்தம் மட்டும்.

குப்பியில் இருப்பது துரு.
எவ்வளவு நீட்டிப் பெயர் எழுதி ஒட்டினாலும் துருதான்.
ஜூன் மழைக்குப் பின் எங்கள் வீட்டு கேட்டில்
உள்ளங்கையில் ஒட்டுகிற அதே செம்பழுப்பு.
இங்கே அதைச் சின்னதாக, இன்னும் சின்னதாக,
ஒரு தலைமயிரின் குறுக்கே மூவாயிரம் பேர்
வரிசையில் நிற்கலாம் என்கிற அளவில் செய்து
மேலே சர்க்கரைச் சட்டை மாட்டியிருக்கிறார்கள்.
நானோ என்று பெயர்.
தமிழ்க் காதில் அது பாதி வாக்கியமாக விழுகிறது.
நானோ...
அதற்கப்புறம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

சாயமேற்றிய துண்டில் முதல்முறை குனிந்தபோது
புற்றணுக்களைத் தேடினேன்.
ஷர்வரி மேடம் பின்னாலிருந்து சொன்னார்:
நீ பார்ப்பதில் பாதி நம்முடைய ஆட்கள்.
காவலுக்குப் போன வெள்ளையணுக்கள்.
செத்துக் கிடக்கவில்லை.
தூங்கவும் இல்லை.
மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தன,
ஏதோ காயத்தை ஆற்றுகிற நினைப்பில்
கட்டிக்கு ரத்தக்குழாய் இழுத்துக் கொடுத்தபடி.

கரையான் எடுத்த புற்றில் பாம்பு குடியேறும் என்பார்கள்.
இங்கே
குடியேறிய பாம்புக்குக் கரையானே
இன்னும் மண் சுமக்கிறது.

ஊசி போட்டால் அவை துருவை விழுங்குகின்றன.
விழுங்குவது அவற்றின் சுபாவம்,
அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
உள்ளே போன இரும்பு
என்ன காதைக் கடிக்குமோ,
கூடை கீழே இறங்குகிறது.
முகம் மாறுகிறது
(முகம் என்பது மேல்தோலில் நாலைந்து புரதம்தான்).
பிறகு ஊரைக் கூப்பிடும் குரல்.
டி செல்கள் வந்து சேர ஒரு வாரம் ஆகும்.

இதைப் போஸ்டரில் போர் என்று எழுதியிருந்தேன்.
நாகவேணி அடித்துவிட்டாள்.
மூன்று வருடம் முன்பு
அவள் உடம்பை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்களாம்,
போர்க்களம், வீராங்கனை, வெற்றி.
இடது பக்கம் அவள் ஜாக்கெட்டுக்குள்
பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்கிறாள்.
எலிக்கு எப்பவோ குணமாகிவிட்டது,
மனுஷிக்குத்தான் தேதி சொல்ல மாட்டேன்கிறார்கள்,
என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.
கொஞ்சம் தாமதமாக.

பதினொன்றும் பதினாறும் மருந்துக்கு மசியவில்லை.
பதினான்கு ஏழானது.
பிறகு நாலு புள்ளி ஒன்று.
ஆறாம் செவ்வாயன்று காலிப்பர்
தோலை மட்டும் பிடித்தது.
மறுபடி தடவினேன். மறுபடியும்.
சொன்னே, என்றேன்.
பூஜ்யத்தை அவள் வட்டமாகப் போடவில்லை,
ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு முட்டையாக விழுந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் எல்லாவற்றையும் கொல்ல வேண்டும்.
விதி அது. குணமானதையும்.
உள்ளே மிச்சம் ஏதுமில்லை என்று நிரூபிக்க
உள்ளே பார்த்தாக வேண்டும்.
மண்ணீரலைப் பிரித்து
எதிராளியை நினைவு வைத்திருக்கிறதா என்று கேட்க வேண்டும்.
பெட்டிக்குள் வாயுவைத் திறந்துவிட்டவள் நாகவேணி.
பதினான்கு கடைசிவரை
முன்னங்காலால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

எலஹங்கா பஸ்ஸில் ஜன்னலோர இடம் அவளுக்கு.
அரசமரத்தடி நாகர்கல் தாண்டியதும்
அவள் வலது கை
துப்பட்டாவுக்கு அடியில் நகர்ந்து
இடது அக்குளுக்குள் போகிறது.
மெதுவாக ஒரு வட்டம்.
இன்னும் கொஞ்சம் மேலே, ஒன்று.
நான் எதிர்ப்பக்கம் பார்க்கிறேன்.
அவள் எண் எதுவும் சொல்லவில்லை.
நானும் எழுதிக்கொள்ளவில்லை.